கறை படிந்தவர்களை எழுதுதல்

கதை எழுதுகிறவனுக்கு இந்த உலகத்தில் வேறு அதிகாரம் எதுவும் இல்லாவிட்டாலும், எதை முன்னே சொல்வது, எதைப் பின்னே சொல்வது என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஒன்று மட்டும் பூரணமாக இருக்கிறது. ஒரு மனிதன் தன் மனைவியை விட்டுப் போனவன் என்பதை வாசகர் முதலில் அறிந்து, அவன் ஒரு கிழவரின் உயிரைக் காத்தவன் என்பதைப் பிறகு அறிவாரானால், அவர் மனத்தில் உருவாகும் மனிதன் ஒருவன். அதே இரண்டு செய்திகளையும் வரிசை மாற்றிச் சொன்னால் உருவாகும் மனிதன் வேறொருவன். குற்றம் செய்தவர்களையும் ஊரால் ஒதுக்கப்பட்டவர்களையும் பற்றியே பெரும்பாலும் எழுதிவந்திருக்கும் எனக்கு, இத்தொழிலில் எத்தனையோ ஆண்டுகள் கழிந்த பின்னும், ஒவ்வொரு கதையிலும் புதிதாக எதிர்ப்படும் பிரச்சினை இந்த வரிசைதான். நடையும் வருணனையும் சம்பாஷணையும் எல்லாம் அதற்குப் பிறகே வருகின்றன.

இந்த வித்தையில் எனக்கு ஆசான் இளங்கோவடிகள். சிலப்பதிகாரத்தைப் பாடப் புத்தகத்தில் துண்டு துண்டாகப் படித்தவர்களுக்குக் கோவலன்மீது பெரிய மதிப்பு ஒன்றும் உண்டாவதில்லை. புகார்க் காண்டத்தில் அவன் செய்வதெல்லாம் என்ன? மணந்த மனைவியை விட்டு மாதவியிடம் போகிறான். குலத்தார் தேடிவைத்த பொருளைத் தொலைக்கிறான். கானல்வரியில் அவள் பாடிய பாட்டுக்குத் தானாக ஒரு பொருளைக் கற்பித்துக்கொண்டு, விளக்கம் கேட்கவும் பொறுமையில்லாமல் அவளையும் விட்டுப் பிரிகிறான். அவனிடத்தில் ஒரு நல்ல இருதயம் இருந்தது என்று நம்புவதற்கு ஆதாரமான செயல் ஒன்றையும் அடிகள் அங்கே காட்டுவதில்லை. காட்டுவதற்குச் செயல்கள் இல்லாமல் அல்ல. மதயானையின் கையில் அகப்பட்ட முதிய அந்தணர் ஒருவரைக் கோவலன் தன் உயிரைப் பொருட்படுத்தாமல் மீட்டிருக்கிறான். கீரியைக் கொன்ற பாவத்துக்காகக் கணவன் துறந்துபோன பெண்ணுக்குப் பரிகாரத்துக்கு வேண்டிய பொருளைக் கொடுத்து அந்தக் குடும்பத்தைச் சேர்த்துவைத்திருக்கிறான். பொய்ச்சாட்சி சொன்னவனைப் பூதம் பிடித்தபோது, அவனுக்குப் பதிலாகத் தன் உயிரைக் கொள்ளும்படி முன்னே போய் நின்றிருக்கிறான். இவையெல்லாம் கதைக்காலத்தின்படி முன்பே நடந்து முடிந்தவை. ஆயினும் நாம் அவற்றை அறிவது மதுரையின் புறஞ்சேரியில், அடைக்கலக் காதையில், மாடலன் என்ற மறையவனின் வாய்மொழியாகத்தான். அதற்கு அடுத்த காதை கொலைக்களக் காதை.

இந்த ஏற்பாட்டை நான் முதன்முதலாக உணர்ந்த காலத்தில் வேறு எதையும் படிக்க மனம் வராமல் அந்த இரண்டு காதைகளையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். கோவலனின் தயையை அடிகள் முதலிலேயே சொல்லியிருந்தால், நல்லவன் ஒருவன் வழி தவறினான் என்று நாம் எளிதாக மன்னித்துவிட்டு மேலே போயிருப்போம். அந்த மன்னிப்புக்கு விலை எதுவும் இருந்திராது. அவர் நம்மைத் தீர்ப்புச் சொல்லவிடுகிறார். தீர்ப்பும் நியாயமான தீர்ப்பே. அதன் பிறகு, நாம் தீர்ப்பிட்ட மனிதனின் மறுபாதியைக் கொண்டுவந்து பக்கத்தில் நிறுத்துகிறார். இதில் இன்னொரு விசேஷமும் உண்டு. அநுதாபம் பெருகிவரும் அந்த நேரத்திலும் அவர் பழைய குற்றத்தைத் தள்ளுபடி செய்வதில்லை. கொலைக்களக் காதையில், கடைசி முறையாக ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் அந்தச் சந்தர்ப்பத்திலேயே, அவன் நடத்தை போற்றத் தகாதது என்பதைக் கண்ணகியே அவனிடம் சொல்லிவிடுகிறாள். குற்றமும் நன்மையும் ஒன்றையொன்று அழிக்காமல் கூடவே நடக்க, அந்த மனிதன் சிலம்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைவீதிக்குப் போகிறான். நாம் அழுகிறோம்.

குற்றத்தைக் குறைத்துக் காட்டி இரக்கம் சம்பாதிப்பது எளிது. அப்படிச் சம்பாதித்த இரக்கம் பத்திரிகையை மூடியவுடன் போய்விடும் என்பதே என் அநுபவம். இதை எனக்கு வேறொரு வழியாகப் புரியவைத்தவர், தொடக்க காலத்தில் என் கதைகளுக்கு இடமளித்த ஒரு பத்திரிகாசிரியர். கையெழுத்துப் பிரதியில் 'பாவம்', 'அந்தோ', 'பரிதாபத்துக்குரிய' என்ற சொற்கள் எங்கெங்கே வருகின்றனவோ அங்கெல்லாம் அவருடைய நீலப் பென்சில் ஓடியிருக்கும். காரணம் கேட்டால் நீண்ட உபதேசம் எதுவும் செய்யமாட்டார். "இரக்கப்பட வேண்டியவர் வாசகர். அவருக்கு முன்னால் நீர் அழுதுவிட்டால் அவருக்கு என்ன வேலை?" என்பார். ருஷ்ய ஆசிரியர் செகாவ் 1892இல் ஓர் இளம் எழுத்தாளருக்கு எழுதிய கடிதத்தில் ஏறக்குறைய இதையே சொல்லியிருக்கிறார்: துர்ப்பாக்கியசாலிகளைப் பற்றி எழுதி வாசகரின் மனத்தை உருக்க விரும்பினால் எழுதுகிறவர் இன்னும் சற்றுக் குளிர்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் அந்தத் துயரம் எடுப்பாகத் தெரிவதற்கு ஒரு பின்னணி கிடைக்கும் என்பது அவர் கருத்து. குளிர்ந்திரு என்று சொன்ன அந்த மனிதர், அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னால், கைதிகளை அனுப்பிவந்த சகாலின் தீவுக்கு சைபீரியா வழியாகத் தரைமார்க்கமாகப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, ஒவ்வொரு கைதியின் பெயரையும் வயதையும் பிற விவரங்களையும் அட்டைகளில் தாமே குறித்துவந்தவர். அலட்சியத்தினால் வரும் குளிர்ச்சி வேறு. அவ்வளவு அருகில் போய்ப் பார்த்த பிறகு, சொல்லைக் கட்டுப்படுத்திக்கொள்வதினால் வரும் குளிர்ச்சி வேறு.

ஆனால் இதை ஒரு சட்டமாக்கிவிடவும் எனக்குச் சம்மதமில்லை. புதுமைப்பித்தன் 1934இல் எழுதிய 'பொன்னகரம்' நம் முன்னே இருக்கிறது. குதிரைவண்டிக்காரக் கணவன் அடிபட்டுக் கிடக்கிறான். அவன் கேட்கும் பால் கஞ்சிக்குக் காசில்லை. ஆலைத் தொழிலாளியான அம்மாளு ஒருவனோடு இருளில் ஒதுங்கி முக்கால் ரூபாய் சம்பாதித்துக்கொண்டு வருகிறாள். அவள் அழவில்லை, தன் செய்கைக்கு நியாயம் பேசவுமில்லை. அதுவரை எட்டி நின்று கதை சொல்லிவந்த ஆசிரியர், முடிவில் திரும்பி, கற்பைப் பற்றிப் பேசுகிற கனவான்களை நேருக்கு நேராகக் கேட்டுவிடுகிறார். செகாவின் சூத்திரத்தின்படி அது தோஷம். என் அபிப்பிராயத்தில் அந்தக் கோபத்துக்கு அவருக்கு உரிமை இருந்தது. ஏனென்றால் அவர் அம்மாளுவின் சார்பில் கண்ணீர் விடவில்லை, வாசகரின் மனச்சாட்சியை விசாரணைக்கு இழுத்தார். இந்த இரண்டுக்கும் உள்ள வேற்றுமையை உணராமல் அவரைப் பின்பற்றிய கதைகள் அந்தக் காலத்தில் ஏராளமாக வந்தன. அவை அநேகமாக மறந்துபோயின.

என் கதைகளில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் வருகிறவர் ஏலச்சீட்டு நடத்துகிறவர். சீட்டு நடத்துவதில் இருக்கும் அபாயம் வெளியாருக்கு எளிதில் விளங்குவதில்லை. மாதந்தோறும் எல்லோரும் தவணை கட்ட, அந்த மாதம் யாருக்குப் பணம் மிகவும் அவசரமோ அவர் ஒரு தொகையைத் தள்ளிக் கொடுத்துச் சீட்டை எடுத்துக்கொள்வார். தள்ளிய தொகை, நடத்துகிறவரின் பங்கு போக, மற்றவர்களுக்குப் பிரியும். முன்னதாகச் சீட்டை எடுத்தவர் பின்னால் தவணை கட்டாமல் நின்றுவிட்டால், அந்தக் குறையை ஈடுசெய்ய வேண்டியவர் நடத்துகிறவரே. கையில் பணமிருந்தால் ஈடுசெய்வார். இல்லாவிட்டால், வெளியே தெரிந்து மானம் போவதற்கு முன்னால், இரண்டாவது சீட்டு ஒன்றைத் தொடங்கி, அதில் சேர்கிறவர்கள் கட்டும் பணத்தைக் கொண்டு முதல் சீட்டின் பள்ளத்தை மூடுவார். பிறகு இரண்டாவதன் பள்ளத்தை மூட மூன்றாவது வேண்டியிருக்கும். இப்படிப் போய்க்கொண்டிருக்கும் கணக்கு ஒரு நாள் நிற்கத்தான் வேண்டும். அன்று இரவு அவர் ஊரில் இருக்கமாட்டார்.

என் கதையின் மனிதர் அவ்விதம் ஓடிப்போய், வெகுகாலம் கழித்து, கிழவராக அதே தெருவுக்குத் திரும்பிவந்து, தங்கை வீட்டுத் திண்ணையில் ஒண்டியிருக்கிறவர். அவர் டீக்கடைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கோயிலில் சுண்டலுக்கு நிற்கும் வரிசையில் அவருக்கு முன்னும் பின்னும் இடம் காலியாகவே இருக்கும். அவர்மீது வாசகருக்கு ஈடுபாடு உண்டாக வேண்டும், எங்கே தொடங்குவது? இரண்டு வழிகள் இருந்தன. சீட்டை எடுத்துவிட்டுத் தவணை கட்டாமல் நின்றுபோன சௌகரியஸ்தர்களிலிருந்து தொடங்கலாம். அப்படித் தொடங்கினால் இவரும் ஏமாற்றப்பட்டவரே என்பது முதல் பக்கத்திலேயே தெளிவாகிவிடும், வாசகர் நிம்மதியாக அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அல்லது, மகளின் கல்யாணத்துக்காகப் பூக்கட்டி விற்ற காசைச் சிறுகச் சிறுகச் சீட்டில் போட்டுவந்த விதவையிலிருந்து தொடங்கலாம். நான் பூக்காரியிலிருந்தே தொடங்கினேன். அது மட்டுமல்ல, அன்றிரவு ஓடப்போகிறோம் என்று தெரிந்திருந்தும், அன்று சாயங்காலம் வழக்கம்போல் அவள் வீட்டு வாசலில் நின்று அவர் தவணை வாங்கிக்கொண்டார் என்றும் எழுதினேன். அந்த ஒரு செய்கைக்குக் கதையில் எங்குமே நான் சமாதானம் சொல்லவில்லை. சொல்வதற்குச் சமாதானம் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை.

பாதிக் கதைக்கு மேல் ஆன பிறகு, தங்கையின் மருமகள் பரணைச் சுத்தம் செய்யும்போது அவருடைய தகரப் பெட்டியில் ஒரு நீண்ட கணக்குப் புத்தகத்தைக் காண்கிறாள். சீட்டில் சேர்ந்திருந்த ஒவ்வொருவருடைய பெயரும் அதில் இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் சேர வேண்டிய அசல் இருக்கிறது. ஆண்டுக்காண்டு வட்டி கூட்டப்பட்டிருக்கிறது. இறந்துபோனவர்களின் பெயருக்குக் கீழே வாரிசுகளின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. வெளியூர்களில் பாத்திரம் கழுவியும் மூட்டை சுமந்தும் திரிந்த காலமெல்லாம் அவர் இந்தக் கணக்கை விடாமல் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார். அந்தப் புத்தகம் யாருக்கும் ஒரு காசையும் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. அதை எழுதினதால் அவர் உத்தமராகவுமில்லை. மருமகள் கையில் அதைப் பார்த்தவுடன் கிழவர் பிடுங்கி மறுபடியும் துணியில் சுற்றுகிறார், அவ்வளவுதான். புத்தகத்தைப் பற்றி நான் ஒரு விசேஷணமும் போடவில்லை. கதை வெளிவந்த பிறகு எனக்கு வந்த கடிதங்களில் பலர் அந்தப் புத்தகத்தைப் பற்றியே எழுதினார்கள். ஒருவர்கூட அவரை மன்னித்துவிட்டதாக எழுதவில்லை. அதைவிட நான் கோரக்கூடியது எதுவுமில்லை.

ஒருவன் எதையாவது கவனமாக, ஒழுங்காகச் செய்வதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அவனை முழுவதும் வெறுப்பது மனிதருக்கு எளிதாயிருப்பதில்லை என்பதை நான் கோர்ட்டில் தெரிந்துகொண்டேன். சிறு குற்ற வழக்குகள் நடக்கும் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் பின் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பது ஒரு காலத்தில் என் வழக்கம். கள்ளச்சாராயம் விற்றதற்காக அபராதம் விதிக்கப்பட்ட ஒரு பெண், முந்தானை முடிச்சை அவிழ்த்து, குமாஸ்தாவின் மேஜைமேல் சில்லறைகளை ஒரே அளவான அடுக்குகளாக வைத்து, ஓர் அடுக்கு சற்றுச் சாய்ந்ததும் அதைக் கலைத்து மறுபடி எண்ணி அடுக்கினாள். அவளுடைய சாராயத்தைக் குடித்து யார் வீடு கெட்டதோ எனக்குத் தெரியாது, கெட்டிருக்கலாம். ஆனால் அந்த விரல்களைப் பார்த்தவனுக்கு அவளை வெறும் சாராயக்காரி என்று எழுத முடியாமல் போயிற்று.

பூமணியின் 'வெக்கை' நாவல் 1982இல் வந்தபோது, குற்றத்தை முன்னே வைப்பது, கவனமான செய்கையைக் காட்டுவது என்று நான் உருத்தெரியாமல் பழகிவந்த இந்த இரண்டு வழிகளையும் அவர் ஒரே நூலில் எவ்வளவு துணிவாகக் கையாண்டிருக்கிறார் என்று பிரமித்தேன். பதினைந்து வயதுப் பையன் சிதம்பரம் ஒரு மனிதனை வெட்டிவிடுவதோடு கதை தொடங்குகிறது. அவன் நினைத்தது கையை வெட்ட, நேர்ந்தது கொலை. வெட்டப்பட்டவன்தான் இவன் அண்ணனைக் கொல்வித்தவன் என்பதும், நிலத்தைப் பற்றிய பகையும் நமக்குப் பின்னால், சிறிது சிறிதாகத்தான் தெரியவருகின்றன. அதற்குள் நாம் அந்தப் பையனோடும் அவன் தகப்பனோடும் காட்டுக்குள் புகுந்துவிடுகிறோம். போலீசுக்கு ஒளிந்து திரியும் அந்த நாட்களில் அவர்கள் செய்வதெல்லாம் தண்ணீர் தேடுவதும் அடுப்புக் கூட்டிச் சமைப்பதும் படுக்க இடம் பார்ப்பதும்தான். எந்தச் சுனையில் எப்போது தண்ணீர் இருக்கும், எந்தப் புகை தூரத்துக்குத் தெரியும் என்று தகப்பன் மகனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே போகிறான். கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறார் என்று அந்த ஆசிரியரை யாரும் சொல்ல முடியாது. அவர் சோறு வேகும் நேரத்தைத்தான் எழுதியிருக்கிறார்.

பிரெஞ்சு ஆசிரியர் விக்தர் ஹ்யூகோவின் பெருநாவல் சுத்தானந்த பாரதியாரின் தமிழில் 'ஏழை படும் பாடு' ஆகி, 1950இல் அதே பெயரில் திரைப்படமாகவும் வந்ததனால், ரொட்டி திருடிய ழான் வல்ழானைத் தமிழர்கள் நன்கறிவார்கள். மதகுரு அவனை மன்னித்து வெள்ளிச் சாமான்களைக் கொடுத்தனுப்பிய பின்பும், வழியில் வந்த ஒரு சிறுவனின் காசைக் காலால் மிதித்து அவன் கவர்ந்துகொள்கிறான். கதையைச் சுருக்கிச் சொல்கிறவர்கள் பலரும் விட்டுவிடும் இடம் அது. அந்தக் காசு இல்லாவிட்டால் அவனுடைய பின்வாழ்வு எனக்கு விசுவாசம் தராது.

அழுகை என்னும் மெய்ப்பாட்டுக்குத் தொல்காப்பியர் நான்கு நிலைக்களங்களை வகுத்திருக்கிறார்: பிறரால் இகழப்படுதல், உரியதை இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டுத் தளர்தல், வறுமை. ஒரு பாத்திரம் மனத்தில் பிடிபடாமல் நழுவும்போதெல்லாம் நான் இந்த நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பேன். எவ்வளவு கொடியவனாயினும் இந்த நான்கில் ஒன்றின் வழியாகவாவது போகாதவன் இல்லை. வறுமையை மட்டும் நான் கூடியவரையில் தவிர்ப்பேன். வாசகர் அதை நிறையப் பார்த்துப் பழகிவிட்டார், அதைக் காட்டினவுடன் இரக்கம் தானாகவே வாயில் வந்துவிடும், நெஞ்சு அசையாது. இகழ்ச்சியோ அப்படியல்ல. தக்க காரணத்தோடு ஒருவனை ஊரார் இகழும்போதுகூட, அந்த இகழ்ச்சியை ஏற்கும் முகத்தைக் காட்டிவிட்டால் படிக்கிறவர் கலங்குவார்.

இந்த நான்கிலும் அடங்காத ஒரு வழியைத் தி. ஜானகிராமன் 'பாயசம்' கதையில் காட்டியிருக்கிறார். அண்ணன் மகன் செழித்து வாழ்வதைப் பொறுக்காத சாமநாது, அவன் வீட்டுக் கல்யாணத்தில், பந்திக்குத் தயாராயிருக்கும் பாயசத்தைப் பாத்திரத்தோடு கவிழ்த்துவிட்டு, அதற்கு ஒரு பொய்யும் சொல்லிவிடுகிறார். இதில் அவருக்கு நேர்ந்த அநியாயம் ஒன்றுமில்லை, சுத்தமான அசூயை. இறந்துபோன மனைவியோடு மனத்துக்குள் பேசிக்கொண்டே திரியும் அந்தக் கிழவரை நாம் ஏன் கைவிடமாட்டோமென்கிறோம் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். அவரிடம் நல்லது இருப்பதனால் அல்ல. நம்மிடமும் அந்த அசூயை இருப்பதனால்தான் என்று நினைக்கிறேன். இதை எழுத, எழுதுகிறவனுக்குத் தன் மனத்தின் அடித்தளத்தை எட்டிப் பார்க்கும் திராணி வேண்டும். ஜானகிராமனிடம் அது இருந்தது.

தன்னைப் பற்றித் தானே இரங்குகிற பாத்திரத்துக்கு வாசகர் இரங்குவதில்லை. கம்பனின் கும்பகருணனை நினைத்துப் பாருங்கள். சீதையை விட்டுவிடும்படி தமையனுக்குச் சொன்னவன் அவன். செய்தது அதர்மம் என்றும் தான் மாளப்போகிறான் என்றும் அறிந்தவன். வீடணன் வந்து அழைத்தும், தன்னை வளர்த்துச் சோறிட்டவனை விட்டு வரமாட்டேன் என்று நின்றவன். மூக்கிழந்து, அங்கங்கள் துண்டுபட்டுக் கிடக்கும் நிலையில் அவன் இராமனிடம் உயிரை யாசிக்கவில்லை. தம்பியைக் காக்கும்படி கேட்கிறான், இந்த மூக்கறுபட்ட முகத்தை யாரும் பார்த்து நகையாதபடி தலையைக் கடலில் ஆழ்த்திவிடும்படி கேட்கிறான். தவறான பக்கத்தில் நின்று போராடியவனுக்கு ஒரு மகாகவி கொடுத்த மரியாதை அந்த வேண்டுகோள். என் பாத்திரங்கள் யாராவது கெஞ்சத் தொடங்கினால், அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அவர்கள் எதைக் காப்பாற்றிக்கொள்ள விரும்புவார்கள் என்று யோசிக்க ஆரம்பிப்பேன்.

இதுவரை நான் குற்றம் செய்தவர்களைப் பற்றியே பேசினேன். குற்றமே செய்யாமல் ஒதுக்கப்பட்டவர்களின் விஷயம் அடியோடு வேறு. இரண்டையும் ஒன்றாகப் பாவிப்பது எழுத்துலகில் நெடுங்காலமாக நடந்துவரும் அநியாயம். 1871இல் இயற்றப்பட்டு, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகச் சென்னை மாகாணத்துக்கும் வந்து, 1947 வரை இங்கே அமலில் இருந்த குற்றப் பரம்பரைச் சட்டம், பிறந்த குழந்தையையும் பிறப்பினாலேயே சந்தேகத்துக்குரியதாக்கியது. கைரேகை பதிந்துகொண்டு, இரவு நேரங்களில் ஆண்களைப் போலீஸ் காவலின் கீழ்ப் படுக்கவைத்தது. தீண்டாமையோ அதனினும் பழையது. இத்தகையவர்களுக்கு வாசகரின் மன்னிப்பைக் கோருவதே அவமானம். மன்னிப்பதற்கு அவர்கள் என்ன செய்தார்கள்? அதனால்தான் பலர், அவர்களை மாசற்ற தெய்வங்களாகச் சித்திரித்துவிடுகிறார்கள். அதுவும் மனிதத் தன்மையைப் பறிப்பதே. மற்றவர்களைப் போல் ஆசைப்படவும் பொய் சொல்லவும் தவறு செய்யவும் அவர்களுக்கும் கதையில் இடம் இருக்க வேண்டும்.

இதை அசாத்தியமான நேர்மையோடு செய்த நூல் தகழி சிவசங்கரப் பிள்ளையின் 'தோட்டியின் மகன்'. 1947இல் மலையாளத்தில் வந்தது. சுந்தர ராமசாமி தமிழாக்கினார். ஆலப்புழை நகரில் மலம் அள்ளும் சுடலைமுத்து, தன் மகன் தோட்டியாகக் கூடாது என்ற ஒரே விரதத்தினால் காசு சேர்க்கிறான்; மகனுக்கு மோகன் என்று பெயர் வைத்து, தோட்டியின் பிள்ளைக்கு இந்தப் பெயரா என்ற ஏளனத்துக்கு ஆளாகிறான்; அதே விரதத்தினால், தன்னோடு மலம் சுமக்கும் தோழர்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைக்க முயலும்போது, மேலிடத்தோடு சேர்ந்துகொண்டு அவர்களைக் காட்டிக்கொடுக்கிறான். அந்தத் துரோகத்தைத் தகழி மறைக்கவில்லை. அது மகன்மீது வைத்த அன்பிலிருந்தே பிறந்தது என்பதையும் மறைக்கவில்லை. அந்த நூலைப் படித்தபோது சுடலைமுத்துவின்மீது எனக்குண்டான கோபமே அவனுக்கு நான் செலுத்திய மரியாதை என்று பிற்பாடு உணர்ந்தேன்.

பிரேம்சந்த் தம் வாழ்நாளின் கடைசியில் எழுதிய 'கஃபன்' பற்றி எனக்கு இன்னமும் மனம் ஒருநிலைப்படவில்லை. பிரசவ வேதனையில் ஒருத்தி உள்ளே துடிக்க, வெளியே அவள் கணவனும் மாமனாரும், ஒருவர் எழுந்து போனால் மற்றவர் அதிகமாகத் தின்றுவிடுவார் என்று பயந்து, சுட்ட உருளைக்கிழங்கைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். மறுநாள் அவளுடைய சவத்துணிக்காகப் பிறர் கொடுத்த காசில் குடித்துவிடுகிறார்கள். எவ்வளவு உழைத்தாலும் வயிறு நிரம்பாத ஒரு சமூகம் மனிதனை எந்த நிலைக்குக் கொண்டுவந்துவிடுகிறது என்பதைக் கதை காட்டுகிறது. ஆயினும் அந்த இருவரும் சமார் சாதியினர் என்று ஆசிரியர் சொல்வதைச் சுட்டி, இந்தச் சோம்பலையும் ஈரமின்மையையும் எங்கள் தலையில் ஏன் வைத்தீர்கள் என்று தலித் விமர்சகர்கள் கேட்டது நியாயமான கேள்வி. வெளியே நிற்கிறவன் எழுதும்போது குற்றம் சாதியின்மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. சிவகாமி 1989இல் எழுதிய 'பழையன கழிதலும்' நாவலின் காத்தமுத்துவை எடுத்துக்கொள்ளுங்கள்: தலித் தலைவர், இரண்டு மனைவிகளை அடக்கி வைத்திருக்கிறவர், வாய் வீச்சுக்காரர், தந்திரசாலி. அவருடைய குறைகளை அந்த வீட்டு மகளின் கண்வழியாகவே பார்ப்பதனால், அவை ஒரு தனி மனிதருடைய குறைகளாகவே நிற்கின்றன. யார் எழுதினாலும் ஒன்றுதான் என்று வாதிடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எழுதுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து அதே வாக்கியம் வேறு வாக்கியமாகிவிடுகிறது.

வாசகர் இரக்கத்தை மறுத்துவிட்டால் எழுத்தாளன் என்ன செய்வது? ஜெயகாந்தனின் 'அக்கினிப் பிரவேசம்' 1966இல் ஆனந்த விகடனில் வந்தபோது, மழை நாளில் அறிமுகமில்லாதவனுடைய காரில் ஏறிக் கெட்டுவந்த மாணவியைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று ஏற்றுக்கொள்ளும் முடிவைப் பலரால் சகிக்க முடியவில்லை. பெரிய சர்ச்சை எழுந்தது. அவர் செய்ததுதான் எனக்கு அதிசயம். அந்தத் தாய் அவ்விதம் செய்யாமல், கூக்குரலிட்டு ஊரைக் கூட்டிவிட்டிருந்தால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்று ஒரு முழு நாவலையே எழுதினார். சாகித்திய அக்காதெமியின் 1972ஆம் ஆண்டுப் பரிசைப் பெற்ற 'சில நேரங்களில் சில மனிதர்கள்' அதுதான். அந்த நாவலுக்குள்ளேயே ஓர் எழுத்தாளர் வருகிறார். பழைய சிறுகதையை எழுதியவர் அவரே. மறுத்தவர்களோடு ஜெயகாந்தன் சண்டை போடவில்லை. நீங்கள் கேட்ட முடிவு இதோ, இதன் விலையையும் பாருங்கள் என்று அவர்கள் எதிரில் வைத்துவிட்டார். நாவலில் கங்கா என்ற பெயரில் வரும் அந்தப் பெண்ணின் வறண்ட, தனித்த ஆண்டுகளைப் படித்த பிறகு, தலையில் ஊற்றிய அந்தத் தண்ணீருக்கு எதிராகப் பேசுவது கடினம்.

என் சீட்டுக்காரர் கதை தொகுதியாக வந்த பின், எங்கள் தெருவில் குடியிருக்கும் ஒரு மூதாட்டியிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர் இளமையில் இதேபோன்ற ஒரு சீட்டில் பணத்தை இழந்தவர் என்பது எனக்குத் தெரியாது. பேத்தி அவருக்குக் கதையை உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறாள். நான் போனபோது வாசற்படியில் உட்கார்ந்திருந்தவர், உட்காரச் சொல்லிவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை.

"கணக்கு எழுதி வச்சிருந்தான்னு போட்டிருக்கீங்களே தம்பி, அது நெசமா?" என்று கேட்டார்.

"கதைதாம்மா. நானா எழுதினது."

"அப்படி ஒருத்தன் எழுதி வச்சிருந்தான்னா, எம் பேருக்கு நேரா எவ்வளவுன்னு போட்டிருப்பான்?"

அவர் கட்டிய தவணைத் தொகையும் எந்தெந்த மாதத்தில் கட்டினார் என்பதும் அவருக்கு இன்னும் மனப்பாடமாயிருந்தன. பேத்தி ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தாள். ஆண்டுக்கு என்ன வட்டி போடுவது என்பதில் எங்களுக்குள் சிறிது விவாதம் நடந்தது. கடைசியில் அவர் சொன்ன வட்டியையே போட்டு, அசலோடு கூட்டி, தொகையை எழுதி அவரிடம் கொடுத்தேன். அவர் அதைப் பேத்தியை விட்டு இரண்டாம் முறை கூட்டிப் பார்க்கச் சொன்னார்.